உங்களுக்குத் தெரியுமா? கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர்களுக்கு மைசூருவிலிருந்து சில துணுக்குகள்

2025 ஜூலையில் ஹாசன் மாவட்டத்திலிருந்து மாரடைப்பு மரணச் செய்திகள் வரிசையாக வந்தன. பக்கத்து மைசூருவில், கே.ஆர்.எஸ். சாலை ஜெயதேவா இதய மருத்துவமனை முன் விடிகாலையிலேயே பரிசோதனைக்குக் கூட்டம் சேர்ந்தது. அரசு அமைத்த நிபுணர் குழு பிறகு ஆராய்ந்து, மரணங்கள் திடீரெனக் கூடிவிட்டதாகச் சொல்ல ஆதாரமில்லை என்றது. பயந்துபோய் ஒருநாள் வரிசையில் நிற்பது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மாத்திரை வேலை செய்கிறதா, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று உரிய காலத்தில் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது. அட்டோர்வாஸ்டேடின், ரோசுவாஸ்டேடின் என்று 'ஸ்டேடின்' குடும்பத்து மாத்திரை உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இருந்தால், மேலே படியுங்கள்.

● அரிசியில் கிடைத்த பூஞ்சை

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளைத் தேடி 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிரிகளைச் சலித்தார். 1973-இல் அவருக்கு அது ஒரு பச்சை-நீலப் பூஞ்சையில் கிடைத்தது. கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியிலிருந்து எடுத்த பூஞ்சை அது. முதல் ஸ்டேடின் மருந்தாக லோவாஸ்டேடின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எண்டோ 2024 ஜூனில், 90 வயதில் காலமானார்.

● பெங்களூருவின் பங்கு

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் லோவாஸ்டேடின் தயாரிக்க அனுமதி வாங்கிய முதல் இந்திய நிறுவனம் பெங்களூரு பயோகான். ஆண்டு 2001.

● மஞ்சளும் கேழ்வரகும்

மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் பழைய தொடர்பு உண்டு. மஞ்சளிலுள்ள குர்குமின் எலிகளின் கொலஸ்ட்ராலைக் குறைப்பதாக 1970-லேயே அங்குள்ளவர்கள் கட்டுரை எழுதினார்கள். 2010-இல், கேழ்வரகில் மோனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்துக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருள்களைப் பெறலாம் என்று காட்டினார்கள். இதே பூஞ்சையை அரிசியில் வளர்த்துச் செய்த 'ரெட் ஈஸ்ட் ரைஸ்' மாத்திரைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் இருப்பது லோவாஸ்டேடினின் அதே மூலக்கூறு. 'இயற்கைதானே' என்று ஸ்டேடினோடு சேர்த்து விழுங்கினால், டாக்டருக்குத் தெரியாமல் இரண்டு ஸ்டேடின் போடுகிறீர்கள் என்று பொருள்.

● பிறந்த எடையும் இதயமும்

மைசூருவின் 'மிஷன் ஆஸ்பத்திரி', அதாவது ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை, 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் பத்திரமாக வைத்திருந்தது. அந்தக் குழந்தைகளில் 517 பேரைப் பெரியவர்களான பிறகு தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். 1996-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பிறந்தபோது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய். 3.1 கிலோவோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். 'எனக்குத் தொப்பை இல்லை, எனக்கெதற்கு டெஸ்ட்?' என்பவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

● முதல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

மாத்திரை தொடங்கும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனைதான் பிற்காலக் கணக்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 160-இலிருந்து 80-க்கு வந்தால் 50 சதவீதம் குறைந்திருக்கிறது. 100-இலிருந்து 80-க்கு வந்தால் 20 சதவீதம்தான். இரண்டிலும் இன்றைய எண் 80. ஆனால் முதல் நபருக்கு மருந்து நன்றாக வேலை செய்கிறது, இரண்டாமவருக்கு ஏன் குறையவில்லை என்று பார்க்க வேண்டும். பழைய தாள் இல்லாமல் எந்த டாக்டராலும் இதைச் சொல்ல முடியாது.

● அடுத்த டெஸ்ட் எப்போது?

மாத்திரை தொடங்கியோ, டோஸ் மாற்றியோ 4 முதல் 12 வாரங்களுக்குள் கொழுப்புப் பரிசோதனை. அதன்பின் தேவைக்கேற்ப 3 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை. அமெரிக்க இதய அமைப்புகளின் 2018 வழிகாட்டி சொல்லும் காலக்கணக்கு இது. ஒரு வாரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தால் மருந்தின் முழுப் பலன் தெரியாது. மூன்று வருடம் பார்க்காமலே இருந்தால், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்பதுகூட யாருக்கும் தெரியாது.

● 'நார்மல்' என்று அச்சடித்திருந்தால் போதாது

லேப் தாளில் இருக்கும் 'நார்மல்' எல்லை எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் இலக்கு உங்கள் உடம்பைப் பொறுத்தது. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியில், சாதாரணமானவர்களுக்கு எல்டிஎல் 100-க்குக் கீழ், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்ற அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழ், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்குக் கீழ் என்று வகுத்திருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு 95 என்று வந்தால், தாளில் சிவப்பு எழுத்து இல்லாவிட்டாலும் அது அதிகம்தான்.

● இரட்டித்தால் இரட்டிப்புப் பலன் இல்லை

ஸ்டேடின் டோஸை இரண்டு மடங்காக்கினால் எல்டிஎல் கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான். அதனால்தான் பல டாக்டர்கள் டோஸை ஏற்றிக்கொண்டே போகாமல் எஸெடிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார்கள். அது தன் பங்குக்கு ஏறத்தாழ 20 சதவீதம் குறைக்கும். 'நீங்களாகவே ரெண்டு போட்டுக்குங்க' என்ற பக்கத்து வீட்டு யோசனையில் லாபம் கொஞ்சம், தொல்லை அதிகம்.

● மைலாரி தோசை சாப்பிட்டுவிட்டு வரலாமா?

வரலாம். 12 மணி நேரம் பட்டினி கிடந்துதான் கொழுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. முதல் சோதனைக்கும் தொடர் சோதனைக்கும் சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தமே போதும் என்கிறது அதே 2024 இந்திய வழிகாட்டி. சாப்பிட்டால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கொஞ்சம் ஏறும், எல்டிஎல் பெரிதாக மாறாது. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் இன்னொரு முறை பார்ப்பார்கள். ஆனால் சர்க்கரைக்கு வெறும் வயிற்று ரத்தம் கேட்டிருந்தால் அதற்குப் பட்டினி வேண்டும். சீட்டைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

● எல்டிஎல்லை அளப்பதில்லை, கழிக்கிறார்கள்

பல லேப்களில் எல்டிஎல் நேரடியாக அளந்த எண் அல்ல. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொழுப்பான எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது. மொத்தம் 200, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 150 என்றால், 200-இலிருந்து 40-ஐயும் 30-ஐயும் கழித்து 130. இந்த சூத்திரத்தை 1972-இல் ஃபிரீட்வால்டும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரம் பொய்க்கும். அப்போது நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். ஒரு தடவை மைசூருவில், அடுத்த தடவை ஈரோட்டில் என்று சோதிப்பவர்கள், இரண்டு லேப்பும் ஒரே முறையில் பார்க்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

● ஒரு கழித்தல், ஒரு நல்ல எண்

மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்தால் கிடைப்பது 'நான்-எச்டிஎல்'. ட்ரைகிளிசரைடு ஏறி நிற்பவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் இது நம்பகமான எண். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, வீட்டிலேயே போடலாம். இலக்கு, உங்கள் எல்டிஎல் இலக்கோடு 30-ஐக் கூட்டினால் வரும்.

● வாழ்நாளில் ஒரே ஒருமுறை

லைப்போபுரோட்டீன்-ஏ என்பது பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கும் கொழுப்பு. உணவோ ஸ்டேடினோ இதைக் குறைப்பதில்லை. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற ஆபத்துகளை இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் கேட்டுப் பாருங்கள்.

● ஈரல் டெஸ்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டுமா?

ஒரு காலத்தில் வேண்டும் என்றார்கள். 2012 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த விதியை எடுத்துவிட்டது. தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு அறிகுறி இருந்தால் மட்டும் என்று ஆனது. ஸ்டேடினால் ஈரல் மோசமாகக் கெடுவது மிக அபூர்வம், வழக்கமாகச் சோதித்து அதை முன்கூட்டியே பிடிக்கவும் முடியவில்லை என்பதுதான் காரணம். ஈரல் நொதி கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம். மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டி, மறுசோதனையிலும் அப்படியே நின்றால்தான் யோசிப்பார்கள். கொழுப்பு ஈரல் இருக்கிறது என்பதற்காக ஸ்டேடினைத் தவிர்க்க வேண்டியதில்லை.

● சாமுண்டி மலை ஏறிவிட்டு சி.கே. பார்க்காதீர்கள்

தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி சி.கே. தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த ஆயிரம் படிகளை ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கிவிட்டுத் திங்கட்கிழமை இந்த டெஸ்ட் எடுத்தால், மாத்திரை போடாதவருக்கும் எண் ஏறித்தான் இருக்கும். கைத் தசையில் போட்ட ஊசிகூட ஏற்றிவிடும். வலியோ பலவீனமோ இல்லாதவர்களுக்கு இந்த டெஸ்ட் வழக்கமாகத் தேவையில்லை. எடுக்கச் சொன்னால், இரண்டு மூன்று நாள் கடுமையான உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு எடுங்கள். எல்லையைப் போலப் பத்து மடங்கு என்றால் மருந்தை உடனே நிறுத்துவார்கள்.

● வெற்று மாத்திரையிலும் வலி

பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேடினை நிறுத்திவிட்ட 60 பேரைக் கூப்பிட்டார்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள். நான்கு மாதத்துக்கு ஸ்டேடின், நான்கு மாதத்துக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு மாதத்துக்கு வெறும் டப்பா என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2020-இல் வந்த முடிவு: ஸ்டேடினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யல்ல. அதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்து அல்ல. இதைக் கேட்டபின் பாதிப்பேர் மீண்டும் மாத்திரை தொடங்கினார்கள்.

● ஆனாலும் இந்த அறிகுறிகளைத் தள்ளிப்போடாதீர்கள்

இரு தொடையிலும் தோளிலும் ஒரே சமயத்தில் கடும் வலி, நாற்காலியிலிருந்து எழ முடியாத பலவீனம், கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சளாவது. இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அபூர்வம், ஆனால் உண்மை. செரிவாஸ்டேடின் என்ற மருந்து இந்தக் காரணத்தால்தான் 2001 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அதை ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்த்தபோது ஆபத்து பல மடங்கானது.

● குற்றவாளி தைராய்டாக இருக்கலாம்

தைராய்டு மந்தமானால் கொலஸ்ட்ரால் ஏறும். அதோடு ஸ்டேடின் தரும் தசைத் தொல்லையும் கூடும். மாத்திரை கேட்கவில்லை, உடம்பும் வலிக்கிறது என்றால் டோஸை மாற்றும் முன் டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட் பார்ப்பது புத்திசாலித்தனம். தைராய்டைச் சரிசெய்ததும் எல்டிஎல் தானாகவே இறங்கியவர்கள் உண்டு.

● சர்க்கரை ஏறுமா?

கொஞ்சம் ஏறலாம். 2010-இல் 'லான்செட்' இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, 255 பேர் நான்கு ஆண்டு ஸ்டேடின் போட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே சர்க்கரையின் விளிம்பில் நிற்பவர்களுக்கு. அதே மருந்து தடுக்கும் மாரடைப்புகள் இதைவிட அதிகம். எனவே மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை எச்பிஏ1சி என்ற சர்க்கரை டெஸ்ட் பார்த்தால் போதும்.

● நமக்கு ஐந்து மில்லிகிராமே தொடக்கம்

ஒரே அளவு ரோசுவாஸ்டேடின் போட்டாலும், ஆசியர்களின் ரத்தத்தில் அது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு சேர்கிறது. அதனால் ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்க யோசிக்கும்படி 2005-லேயே மருந்துக் குறிப்பில் சேர்த்தார்கள். சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கு 10 மில்லிகிராம்தான் உச்சம். சிறுநீரகத்துக்காக அட்டோர்வாஸ்டேடின் டோஸை மாற்றத் தேவையில்லை. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரிப்போர்ட்டை இதய டாக்டரிடமும் காட்டுங்கள் என்பது இதனால்தான்.

● சேர்த்துப் போடக் கூடாத ஜோடிகள்

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் போடுகிறவர்களுக்குச் சிம்வாஸ்டேடின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சளி, காய்ச்சலுக்கு கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்கு இட்ராகொனசோல் எழுதினால், 'நான் கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறேன்' என்று உடனே சொல்லுங்கள். சில நாள் ஸ்டேடினை நிறுத்திவைக்கச் சொல்லலாம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு: அட்டோர்வாஸ்டேடினின் பலனையே குறைத்துவிடும்.

● தேவனஹள்ளி சக்கோத்தா

மேல்நாட்டு மருந்துத் தாள்களில் 'கிரேப்ஃப்ரூட் வேண்டாம்' என்றிருக்கும். நம்மூர்த் திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது பம்பளிமாஸின் உறவுப் பழம். புவிசார் குறியீடு பெற்ற தேவனஹள்ளி சக்கோத்தா பம்பளிமாஸ்தான். சில ஸ்டேடின்களை உடைக்கும் குடல் நொதியை கிரேப்ஃப்ரூட்டின் வேதிப்பொருள்கள் முடக்குகின்றன. பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. சிம்வாஸ்டேடின், லோவாஸ்டேடின் போடுகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. அட்டோர்வாஸ்டேடினுக்கு அளவு மிஞ்சக் கூடாது. ரோசுவாஸ்டேடினுக்கு இந்தக் கவலை இல்லை.

● ராத்திரிதான் போட வேண்டுமா?

சிம்வாஸ்டேடின் சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து வெளியேறிவிடும். ஈரல் கொலஸ்ட்ராலை அதிகம் தயாரிப்பது இரவில். அதனால் அதை ராத்திரி போடச் சொல்கிறார்கள். அட்டோர்வாஸ்டேடினும் ரோசுவாஸ்டேடினும் நீண்ட நேரம் நிற்பவை. காலையோ மாலையோ, மறக்காத நேரம் எதுவோ அதுதான் சரியான நேரம். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

● 'நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்'

இதய டாக்டர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. எண் இறங்கியது மாத்திரை போட்டதால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். குடையை மடக்கினால் மழை நனைக்கத்தானே செய்யும்.

● தாயாகத் திட்டமிட்டால்

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் ஸ்டேடின் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். பெரும்பாலோருக்குக் கர்ப்ப காலத்தில் நிறுத்திவைப்பார்கள். முன்பே மாரடைப்பு வந்தவர்கள், பரம்பரையாகக் கடும் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் தனி முடிவு. பாலூட்டும்போது வேண்டாம்.

● பதினான்கு மாத்திரைகள்

தமிழ்நாட்டில் 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு மாரடைப்பு அறிகுறி இருந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள் தருகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேடின் 8. அந்த எட்டும் சேர்ந்து 80 மில்லிகிராம், அட்டோர்வாஸ்டேடினின் உச்ச டோஸ். மாரடைப்பு வந்து 24 மணி நேரம் கடந்தால் எல்டிஎல் இறங்கத் தொடங்கும் என்பதால், கொழுப்புப் பரிசோதனைக்கான ரத்தத்தை முதல் நாளே எடுப்பது நல்லது.

● புகார் பெட்டி உங்களுக்கும் உண்டு

மருந்தின் பக்கவிளைவை டாக்டர்தான் தெரிவிக்க வேண்டும் என்றில்லை. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் நோயாளியே பதிவு செய்யலாம். படிவம் தமிழிலும் கன்னடத்திலும் உண்டு. கட்டணமில்லாத் தொலைபேசி 1800-180-3024. மைசூரு ஜே.எஸ்.எஸ். மருத்துவமனையிலும் இதற்கான மையம் இருக்கிறது. மருந்தாளுநர் வார்டுக்கே வந்து நோயாளியின் மருந்துகளைச் சரிபார்க்கும் படிப்பை இந்தியாவில் முதலில் தொடங்கியவற்றில் மைசூரு ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியும் ஒன்று.

● ஒரே தாளில் எழுதி வையுங்கள்

மாத்திரையின் பெயர், டோஸ், தொடங்கிய தேதி. தொடங்கும் முன் எல்டிஎல், இப்போதைய எல்டிஎல், உங்கள் இலக்கு. முதல் ஈரல் டெஸ்ட், கடைசி எச்பிஏ1சி, டிஎஸ்எச், கிரியேட்டினின். போடும் மற்ற மருந்துகள், நாட்டு மருந்து உள்பட. அடுத்த டெஸ்ட் தேதி. எந்த டாக்டரிடம் போனாலும், எந்த ஊருக்குப் போனாலும் இந்தத் தாளை எடுத்துப் போங்கள். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ நிறுத்துவதோ, அந்தத் தாளைப் பார்த்து உங்கள் டாக்டர் எடுக்கும் முடிவாகவே இருக்கட்டும்.